ஒரு சதுர மீட்டர் பாசி

பாசியை எல்லாம் வரலாற்றில் சேர்க்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கல்வெட்டு, கோட்டை, திருவிதாங்கூர் காலத்து நிலவரி என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று வழுக்குப் பாசியில் கால் வைத்துவிட்டேனே என்று அவருக்கு வருத்தம். சேர்க்கலாம் என்பதே என் பதில். பாசிக்கும் பிறந்த இடம் உண்டு, போன வழி உண்டு, படையெடுப்பு உண்டு, அதை எதிர்த்துத் தோற்றவர்களும் வென்றவர்களும் உண்டு. அரசாணைகளும் உண்டு. முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குப் பாசி புதிதல்ல. குளத்துப் படித்துறையில் வழுக்கி விழாதவர்கள் நம்மில் எத்தனை பேர்? வட்டக்கோட்டைக்குக் கீழே கடல் வற்றும் நேரத்தில் பாறை முழுவதும் பச்சையும் தவிட்டு நிறமுமாகப் படர்ந்து கிடப்பதையும் பார்த்திருக்கிறோம். அதையெல்லாம் நாம் ஒரு தொல்லையாக நினைத்ததில்லை. அது இருக்கிற இடத்தில் இருக்கிறது. இருக்கக் கூடாத இடத்துக்குப் போய், பவளத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் பாசியின் கதைதான் இது. கண்ணாடித் தொட்டியில் தொடங்கி, பிரான்சுக் கடற்கரை வழியாகப் போய், நம் குருசடைத் தீவில் வந்து நிற்கும் கதை.

இந்தப் பக்கம் என் கவனம் திரும்பியதற்குக் காரணம் என் தங்கையின் பேரன். பாரிஸ் பக்கத்தில் இருக்கிறான். வீட்டில் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து, அதற்குள் சிறிய பவளப்பாறை ஒன்றையே வளர்க்கிறான். கைபேசியில் அழைத்தால் முகத்தைக் காட்டமாட்டான், தொட்டியைத்தான் காட்டுவான். “பாசி மூணாவது தடவையும் வந்திருச்சு தாத்தா. பல்துலக்குற பிரஷ்ஷை வச்சுத் தேய்ச்சு எடுத்தேன். போன மாசம் சுத்தமா இருந்துச்சு. இப்பப் பாருங்க” என்றான். பாறை முழுக்கப் பச்சை மயிர் முளைத்ததுபோல் இருந்தது. “என்னடே மக்கா, இது உனக்கு மட்டும் வந்த வினையா, ஊருக்கெல்லாம் உண்டா?” என்று கேட்டேன். “தொட்டி வச்ச எல்லாருக்கும் உண்டு தாத்தா” என்றான். எல்லாருக்கும் உண்டு என்றால் அதற்கு ஒரு வரலாறும் இருக்குமே என்று தேடத் தொடங்கினேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் படிப்பு உத்தியோகத்தில் உதவியதைவிட இந்தத் தேடலில் அதிகம் உதவியது.

தொட்டி பிறந்த கதை

கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து முதன்முதலில் ஆராய்ந்தவர் ஒரு பிரெஞ்சுப் பெண். பெயர் ழான் வில்ப்ரே பவர். 1794இல் சிற்றூர் ஒன்றில் பிறந்து, பாரிசில் தையல் வேலை செய்து, ஒரு வணிகரை மணந்து, சிசிலித் தீவின் மெசினா நகரத்துக்குப் போனவர். அங்கே கடலில் கிடைக்கும் ஆர்கொனாட் என்ற உயிரினத்தின் மேல் அவருக்கு ஆர்வம். கணவாய்க்கு உறவான அந்த உயிர் தன் மெல்லிய ஓட்டைத் தானே செய்துகொள்கிறதா, துறவி நண்டுபோல அடுத்தவர் ஓட்டில் குடியேறுகிறதா என்பது அந்தக் கால அறிஞர்களின் பெரிய சந்தேகம். நாள்தோறும் உயிரோடு வைத்துப் பார்த்தால்தானே தெரியும்? 1832இல் கண்ணாடித் தொட்டி செய்தார். ஓட்டைத் தானே செய்கிறது என்று நிரூபித்தார். இன்றைய மீன்தொட்டிக்கெல்லாம் தாய் அந்தத் தொட்டிதான்.

அடுத்து லண்டனில் ஆன்னா தின் என்ற பெண்மணி. 1846இல் டார்க்கி கடற்கரையில் கிடைத்த கல்பவளங்களை ஒரு சாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல்நீர் கெட்டுப்போகாமல் இருக்க, வேலைக்காரப் பெண் திறந்த சன்னலருகே நின்று அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றுவாள். நம் ஊர்த் தேநீர்க்கடையில் ஆற்றுவதுபோலத்தான். அடுத்த ஆண்டு தொட்டிக்குள் கடற்பாசியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பாசி காற்றைக் கொடுக்கும், பவளம் வாழும் என்று கண்டுகொண்டார். ஆக, வீட்டுத் தொட்டிக்குள் பாசி முதலில் நுழைந்தது விருந்தாளியாகத்தான்.

அந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிடக் கூடும் என்பதை எழுதிவைத்தவர் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர். ஒரு பாத்திரத்தில் நன்னீர் நிரப்பி, இரண்டு தங்கமீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் விட்டார். மீனின் கழிவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி தரும் உயிர்வளியை மீன் எடுத்துக்கொள்ளும். கணக்கு நேராகிவிடும் என்பது அவர் எண்ணம். நேராகவில்லை. செடியின் பழைய இலைகள் அழுகின. நீரில் பச்சை வழுவழுப்புப் படர்ந்தது. வாரிங்டன் குளத்து நத்தைகள் ஐந்தாறு கொண்டுவந்து விட்டார். அவை அழுகலையும் வழுவழுப்பையும் தின்றன. அவை இட்ட முட்டைகளை மீன் தின்றது. கணக்கு நேரானது. 1850இல் லண்டன் வேதியியல் சங்கத்தில் இதைப் படித்தார்.

இந்த ஐந்தாறு நத்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க அவை திரும்பத் திரும்ப வரும்.

1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்காட்சியகம் திறந்தார்கள். அடுத்த ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் வந்ததும் இங்கிலாந்தில் மாடிவீட்டுக்கு மாடிவீடு தொட்டி. நாமும் பின்தங்கிவிடவில்லை. சென்னை மெரினா கடற்கரையில் 1909இல் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மொனாக்கோவின் புகழ்பெற்ற கடலியல் அருங்காட்சியகம் அதற்கு அடுத்த ஆண்டுதான் திறந்தது. நம்முடையது இரண்டாம் உலகப் போரில் மூடப்பட்டது. அவர்களுடையது இன்றும் இருக்கிறது. அதுதான் நம் கதையின் நடுநாயகம். அதற்கு முன் தொட்டியின் கணக்கை முடித்துவிடலாம்.

வரவு, செலவு, இருப்பு

பவளத்தைத் தொட்டியில் நெடுநாள் உயிரோடு வைப்பது நூறு வருடம் யாருக்கும் எளிதில் கைகூடவில்லை. 1961இல் இந்தோனேசியாவின் லீ சின் எங் என்பவர் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் தம் முறையை வெளியிட்டார். பெரிய இயந்திரம் எதுவுமில்லை. கடலிலிருந்து புழு, பூச்சி, நுண்ணுயிரோடு எடுத்த ‘உயிருள்ள கல்’, நல்ல கடல்நீர், சூரிய வெளிச்சம், சிறிது காற்றுக்குமிழி. கல்லுக்குள் வாழும் நுண்ணுயிர்களே கழிவைத் தின்று நீரைச் சுத்தம் செய்யும். பிறகு ஜெர்மானியர்கள் நீரை நுரைக்கவைத்து அழுக்கை நுரையோடு வெளியே தள்ளும் கருவியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி 1980இல் பெரிய பவளத்தொட்டி ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். அவர் செய்தது கொஞ்சம் வேடிக்கையானது. தொட்டிக்கு வெளியே ஒரு வலையில் வெளிச்சம் போட்டு, அதில் பாசியை வேண்டுமென்றே வளர்த்தார். வளர வளரச் சுரண்டி எறிந்தார். பாசி தின்ன வேண்டியதை வெளியிலேயே தின்றுவிட்டால் உள்ளே அதற்கு என்ன கிடைக்கும்? முள்ளை முள்ளால் எடுக்கும் வித்தை.

இதையெல்லாம் படித்தபின் பேரனிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். “தொட்டிக்குள்ள தெனம் என்ன போடுகே? வெளியே என்ன எடுக்கே?” போடுவதை உடனே சொன்னான்: காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை மீன் தீவனம்; பவளத்துக்கு வாரம் இருமுறை தனித் தீவனம்; ஆவியாகிப்போகும் அளவுக்கு ஈடாகக் குழாய்த் தண்ணீர். எடுப்பதைச் சொல்லத் தயங்கினான்.

அலுவலகத்தில் இருப்புப் பதிவேடு எழுதியவர்களுக்கு இது புரியும். தீவனத்தில் நைட்ரஜன் இருக்கிறது, பாஸ்பரஸ் இருக்கிறது. மீன் தின்றால் அதன் கழிவில் இருக்கும். தின்னாவிட்டால் அடியில் அழுகி இருக்கும். குழாய்த் தண்ணீரிலும் நைட்ரேட், பாஸ்பேட் இருக்கலாம். உள்ளே போனது எங்கும் போய்விடுவதில்லை. நீரிலோ, மணலிலோ, கல்லின் துவாரத்திலோ இருப்பாகக் கிடக்கும். பாசி அந்த இருப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி எழுதிக்காட்டும் பேரேடு. பிரஷ்ஷால் தேய்ப்பது பேரேட்டின் பக்கத்தைக் கிழிப்பது மாதிரி, இருப்பு குறையாது. அதிலும் தேய்த்ததைத் தொட்டிக்குள்ளேயே விட்டால், அறுந்த துண்டு ஒவ்வொன்றும் புதிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அழுகிய துண்டு மறுபடி உரமாகும். அதனால்தான் மூன்றாவது தடவை.

அவன் பிறகு செய்தது இவ்வளவுதான். தீவனத்தைப் பாதியாக்கினான். வடிகட்டி உப்பு நீக்கிய நீரை ஊற்றினான். பாசியைக் கையால் பிடுங்கும்போதே குழாயால் உறிஞ்சி வெளியேற்றினான். பக்கத்தில் சிறு பெட்டி வைத்து, பச்சை நூல்கண்டு போன்ற ஒரு நல்ல பாசியை வளர்த்து, வாரம் ஒருமுறை பிடி பிடியாக எடுத்தெறிந்தான். ஏடியின் வித்தையேதான். கடைசியாகப் பன்னிரண்டு நத்தைகளை விட்டான். வாரிங்டன் சிரித்திருப்பார். பாசி ஒரேயடியாகப் போய்விடவில்லை. நத்தை தின்னும் அளவுக்குள் நிற்கிறது. அந்த அளவுக்குள் நிற்பதுதான் வெற்றி என்பதை ஒத்துக்கொள்ள அவனுக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

தின்ன ஆளில்லாத கடல்

தொட்டி சின்னது, கடல் பெரியது. கடலில் இப்படி நடக்குமா என்று கேட்கலாம். நடந்தது. கரீபியக் கடலின் ஜமைக்கா தீவில் மக்கள் பல தலைமுறையாகப் பவளப்பாறை மீன்களை அளவுக்கு மீறிப் பிடித்தார்கள். பாசி தின்னும் மீன்கள் குறைந்தன. ஆனாலும் பவளம் தாக்குப்பிடித்தது. காரணம், நீண்ட கரிய முட்களை உடைய ஒரு கடல் முள்ளெலி. மீன் செய்த வேலையையும் சேர்த்து அது செய்தது. 1983இல் பனாமா பக்கம் தொடங்கிய ஒரு நோய் ஓராண்டில் கரீபியக் கடல் முழுவதும் அந்த முள்ளெலிகளைக் கொன்றுபோட்டது. ஏற்கெனவே 1980இல் பெரும்புயலில் அடிபட்டிருந்த ஜமைக்கா பவளப்பாறை அதன்பின் எழவில்லை. 1970களின் இறுதியில் பாறைப் பரப்பில் 52 சதவீதம் உயிருள்ள பவளம். 1990களின் தொடக்கத்தில் 3 சதவீதம். பாசி 4 சதவீதத்திலிருந்து 92 சதவீதமாக ஏறிவிட்டது.

அங்கே வெளியூரிலிருந்து எந்தப் பாசியும் வரவில்லை. காலங்காலமாக அங்கேயே இருந்த பாசிதான். அதைத் தின்ன ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான். பத்து ஆட்கள் செய்ய வேண்டிய வேலையை ஒற்றை ஆள் தலையில் கட்டிவிட்டு, அவரும் விடுப்பில் போனால் அலுவலகம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

மொனாக்கோவின் சன்னலுக்குக் கீழே

இப்போது மொனாக்கோ. நாங்கள் புதுச்சேரியில் படிக்கும்போது அந்த அருங்காட்சியகத்தின் பெயர் எங்களுக்கு மனப்பாடம். காரணம் கூஸ்தோ. 1956இல் கான் திரைப்பட விழாவில் உயர்ந்த பரிசு வாங்கிய அவருடைய கடலடிப் படத்தைப் பள்ளியில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினார்கள். அந்தக் கூஸ்தோ 1957 முதல் 1988 வரை மொனாக்கோ அருங்காட்சியகத்தின் இயக்குநர்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் விலங்குக்காட்சிச் சாலையில் கௌலெர்ப்பா தாக்சிஃபோலியா என்ற பாசியை அலங்காரத்துக்கு வளர்த்தார்கள். இறகு போன்ற கண்ணைப் பறிக்கும் பச்சை இலைகள். வெப்பக் கடல்களுக்குச் சொந்தமானது. அதன் உறவுப் பாசிகள் நம் மன்னார் வளைகுடாவிலும் அமைதியாக வாழ்கின்றன. ஆனால் தொட்டியில் வருடக்கணக்காக வளர்ந்த அந்த ஒரு வகை, குளிரைத் தாங்கும் பிடிவாதக்காரனாகிவிட்டிருந்தது. ஸ்டுட்கார்டிலிருந்து பிரான்சின் நான்சி நகரத் தொட்டிக்குப் போனது. நான்சியிலிருந்து 1982இல் மொனாக்கோவுக்கு வந்தது. அருங்காட்சியகம் கடலை ஒட்டிய செங்குத்துப் பாறைமேல் இருக்கிறது. 1984இல் அதன் சன்னல்களுக்கு நேர் கீழே, கடலடியில், இந்தப் பாசி ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் அளவுக்குப் படர்ந்திருப்பது தெரியவந்தது.

ஒரு சதுர மீட்டர். நம் வீட்டுத் திண்ணையில் ஒரு ஆள் கால் மடக்கி உட்காரும் இடம். ஒரு ஆள் முங்கி அரை நாளில் பிடுங்கிவிடலாம். யாரும் பிடுங்கவில்லை. குளிர்காலம் வந்தால் தானே செத்துவிடும் என்ற நம்பிக்கை. அது சாகவில்லை. 1989இல் ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர். நீஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாந்தர் மெய்னெஸ் அங்கே முங்கிப் பார்த்துவிட்டு அபாயமணி அடித்தார். 1990இல் மொனாக்கோவுக்குக் கிழக்கே பிரான்சுக் கரையிலும் கண்டார்கள். நங்கூரத்திலும் வலையிலும் சிக்கிய ஒரு சாண் துண்டு போதும், அடுத்த துறைமுகத்தில் புதுக் குடித்தனம். அதில் உள்ள நச்சுப்பொருளால் மத்தியதரைக் கடலின் மீனும் முள்ளெலியும் பெரும்பாலும் அதைத் தொடவில்லை. வாரிங்டனின் நத்தை அங்கே இல்லை. ஸ்பெயின், இத்தாலி, குரோஷியா என்று பரவி, பத்து வருடத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் ஆயிற்று. பத்திரிகைகள் ‘ஆல்க் த்யுயேஸ்’ என்று பெயர் வைத்தன. கொலைகாரப் பாசி என்று பொருள்.

அந்த வருடங்களில் என்ன நடந்தது? வாதம் நடந்தது. எங்கள் தொட்டியிலிருந்து போகவில்லை என்றது அருங்காட்சியகத் தரப்பு. சூயஸ் கால்வாய் வழியாகத் தானே வந்திருக்கும், அல்லது ஏற்கெனவே இந்தக் கடலில் இருந்த வேறொரு பாசி உருமாறியிருக்கும் என்றார்கள். மெய்னெஸ் தரப்பு மறுத்தது. 1993இல் பிரெஞ்சு அரசு அதை விற்பதையும் கொண்டுபோவதையும் தடை செய்தது. 1998இல் மரபணு ஆய்வு, கடலில் இருப்பதும் தொட்டிகளில் இருந்ததும் ஒன்றே என்று காட்டியது. மெய்னெஸ் 1997இல் வெளியிட்ட நூலில் முழுக் கதையும் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குப் பாசியைவிடக் கோப்பின் மேல்தான் கண் போனது. பாசி நாளொன்றுக்கு விரற்கடையளவு ஊர்ந்துகொண்டிருக்க, கோப்பு ‘பொறுப்பு யாருடையது’ என்ற குறிப்போடு மேசை மேசையாக நகர்ந்திருக்கிறது. பின்னாளில் அந்தப் பாசி பல இடங்களில் தானே சுருங்கிப்போனது. மனிதர் வென்றதாக யாரும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

இதே பாசி 2000 சூன் மாதம் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் நகரக் காயல் ஒன்றில் தென்பட்டது. யாரோ வீட்டுத் தொட்டித் தண்ணீரைக் கொட்டியிருக்க வேண்டும் என்று கருதினார்கள். யார் என்று தேடி நிற்கவில்லை. மூன்று வாரத்துக்குள் வேலையைத் தொடங்கினார்கள். பாசி இருந்த இடத்தைத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களை அழுத்தி, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். ஆறு வருடம் விடாமல் முங்கி முங்கிப் பார்த்தார்கள். 2006இல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். செலவு சுமார் 70 லட்சம் டாலர். அதிகம்தான். ஆனால் அதை முதலில் கண்டவர்கள் யார் தெரியுமா? அந்தக் காயலில் நட்டிருந்த கடற்புல் எப்படி வளர்கிறது என்று வழக்கமாக முங்கிக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள். பாசியைத் தேடிப் போனவர்கள் அல்லர். ஒரே இடத்தை அடிக்கடி பார்க்கும் வேலை அவர்களுடையது. அதனால் புதியது வந்ததும் தெரிந்துவிட்டது.

நம் குருசடையில்

இனி நம் கடல். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 117 வகைக் கல்பவளங்கள் அங்கே பதிவாகியுள்ளன. பவளக்கல்லைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி, இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2001இல் கல்பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் கிடைத்தது. பேரனிடம், ‘உன் ஆசையைப் பாரிசோடு வைத்துக்கொள், இங்கே கடலில் கிடக்கும் பவளத்தைத் தொட்டால் வழக்கு’ என்று நான் சொல்லிவைத்திருப்பது இதனால்தான்.

பாம்பனை அடுத்த குருசடைத் தீவு இந்தத் தீவுகளில் படித்த தீவு. வெள்ளைக்காரர் காலத்திலேயே அங்கே மீன்வளத்துறையின் ஆய்வுக்கூடம் இருந்தது. அதன் கரையோர உயிரினங்களைப் பற்றி 1927இலேயே சென்னை அருங்காட்சியகம் தனி வெளியீடு கொண்டுவந்தது.

கப்பாஃபைகஸ் என்பது பிலிப்பைன்சில் பெருமளவில் வளர்க்கும் செம்பாசி. ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக வைத்திருக்கும் கராஜீனன் என்ற பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் 1980களில் அதைக் குஜராத் கரைக்குக் கொண்டுவந்து, 1990களில் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. 2000த்தை ஒட்டி பெப்சி நிறுவனம் ஒப்பந்தம் போட்டு வணிகமாகத் தொடங்கியது. அதனால் இராமநாதபுரம் கரையில் அதற்கு இன்றும் பெயர் ‘பெப்சிப் பாசி’. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, துண்டு துண்டாகப் பாசியைச் சொருகி மிதக்கவிட்டால் 45 நாளில் பல மடங்காகிவிடும். மீன்பாடு குறைந்த கரையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, கைக்காசு பார்க்க வழியாயிற்று. இதைச் சிறிதாகச் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. அடுப்பெரிவதும் வரலாறுதான்.

2005 டிசம்பரில் தமிழக அரசு ஆணை போட்டது. மன்னார் வளைகுடாப் பூங்காப் பகுதியில் கூடாது. பாக் நீரிணைப் பக்கத்திலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் வளர்க்கலாம் என்று. ஆணை சரிதான். ஆனால் கடல் ஆணையைப் படிப்பதில்லை. பாம்பன் கால்வாய் வழியாக இரண்டு கடலும் ஒன்றோடொன்று கலந்துகொண்டே இருக்கின்றன. 2008இல் மதுரையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேலேயே இந்தப் பாசி ஏறிப் படர்ந்து மூடுகிறது என்று ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பவளத்துக்கு உள்ளே குடியிருக்கும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும். மேலே போர்வை விழுந்தால் அது சாகும், அதோடு பவளமும் சாகும்.

மொனாக்கோவில் நடந்த அதே வாதம் இங்கேயும் நடந்தது. வளர்ப்பிடத்திலிருந்து வந்ததா, பழைய சோதனையிலிருந்து மிஞ்சியதா? பரவிய இடம் மிகச் சிறியது, பெரிதுபடுத்தாதீர்கள் என்று ஒரு தரப்பு. சிறியதாக இருக்கும்போதே எடுங்கள் என்று ஒரு தரப்பு. வனத்துறையினர் ஆட்களை இறக்கிக் கையால் பிடுங்கினார்கள். மறுபடி முளைத்தது. பவளத்தின் சந்துக்குள் விரல்நகம் அளவு ஒட்டியிருந்தாலும் துளிர்த்துவிடும். பக்கத்துத் தீவுகளிலும் தென்பட்டது. 2013-14இல் கடல் சூடேறி, மிதவைகளில் வளர்த்த பாசி பெருமளவில் செத்தது; நம்பியிருந்த பெண்களுக்கு அது பேரிடி. பவளமும் 2010லும் 2016லும் வெப்பத்தால் வெளுத்து நொந்துகிடக்கிறது. நொந்த பவளத்தின் மேல் பாசி ஏறுவது எளிது. ஓய்ந்த வீட்டில் கறையான் ஏறுவதுபோல.

அப்படியானால் வழியே இல்லையா? ஹவாய்த் தீவில் இதே செம்பாசிக் கூட்டம் 1970களில் சோதனைக்காகக் கொண்டுவரப்பட்டு, கனேயொஹே விரிகுடாப் பவளத்தில் ஏறிவிட்டது. அவர்கள் முதலில் ஒரு படகில் பெரிய உறிஞ்சுகுழாய் பொருத்தி, முங்குபவர்கள் பிடுங்கப் பிடுங்க, ஒரு துண்டும் சிதறாமல் உறிஞ்சி எடுத்தார்கள். எடுத்த பாசியை விவசாயிகள் வயலுக்கு உரமாக வாங்கிக்கொண்டார்கள். பிறகு, அந்தக் கடலுக்கே சொந்தமான முள்ளெலிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வளர்த்து, பாறைமேல் கொண்டுபோய் விட்டார்கள். மிச்சம் மீதியை அவை மேய்ந்தன. பிடுங்கு, உறிஞ்சி வெளியேற்று, தின்ன ஆள் விடு. 300 லிட்டர் தொட்டியில் பேரன் செய்ததும் இதுதான். 1850இல் வாரிங்டன் செய்ததும் இதுதான். வித்தை பழையது. அதைக் கடலில் செய்ய ஆளும் பணமும் பொறுமையும் வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு.

பார்க்கிற கண்

இந்த வரலாறுகளை அடுக்கிவைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஒரு சதுர மீட்டரில் இருக்கும்போது பாசியை யாரும் வெல்லலாம். அந்த ஒரு சதுர மீட்டரைக் காண, அந்த இடத்தையே தினமும் பார்க்கும் கண் வேண்டும். மொனாக்கோவில் பார்த்தவர்கள் பொறுத்திருந்தார்கள். கார்ல்ஸ்பாடில் பார்த்தவர்கள் உடனே சொன்னார்கள். கேட்டவர்கள் உடனே செய்தார்கள்.

நம் கடலில் அப்படிப்பட்ட கண்கள் இல்லாமல் இல்லை. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுத்தவர்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் பெயர் உண்டு. எது எந்தப் பாறையில், எந்த மாதத்தில் என்பதும் தெரியும். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் கலிபோர்னியாவில் சீகாலஜி பரிசு கொடுத்தார்கள். பூங்காச் சட்டத்தின் கண்ணுக்கு இந்தப் பெண்கள் பெரும்பாலும் அத்துமீறி நுழைபவர்களாகவே தெரிந்திருக்கிறார்கள். தீவைச் சுற்றிக் காவல் படகு விடுகிற செலவில் ஒரு சிறு பங்கைக் கூலியாகக் கொடுத்து, ‘மாதம் இருமுறை முங்கிப் பாருங்கள், பெயர் தெரியாத பாசி எதைக் கண்டாலும் சொல்லுங்கள்’ என்று அவர்களிடம் ஒரு பதிவேட்டைக் கொடுத்தால், குருசடையின் அடுத்த ஒரு சதுர மீட்டர் நமக்கு முதல் வாரமே தெரிந்துவிடும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே என்று அந்த ஆணை சொல்லும் கரை நம் கூடங்குளம், வட்டக்கோட்டை, கன்னியாகுமரி வரை வருகிறது. நம் பாறைகளுக்கும் மிதவைகள் வரலாம். வரட்டும், நாலு வீட்டில் அடுப்பெரியட்டும். வரும் முன்னே, இப்போது நம் பாறைகளில் என்னென்ன பாசி இருக்கிறது என்று சின்னமுட்டத்துக்காரர்களிடமும் லீபுரத்துக்காரர்களிடமும் கேட்டு யாராவது எழுதிவைத்துவிடுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கைபேசியில் கேமரா இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தொடக்க இருப்பு எழுதாத பதிவேட்டில் பின்னால் எதைக் கூட்டினாலும் கழித்தாலும் தணிக்கையில் நிற்காது.